ஓய்வு பெற்ற காவல் நாய் யாருக்கு உரியது?

சித்திரைத் திருவிழா நெருங்கும் நாட்களில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். காக்கியுடை அணிந்த காவலர் ஒருவர் தோல்வாரைக் கையில் பிடித்து நடந்து வருவார். அவருக்கு ஓரடி முன்னால் ஒரு நாய், மூக்கைத் தரையோடு தாழ்த்தி, கடைவாயில், குப்பைத் தொட்டி, நிறுத்தி வைத்த வண்டி என ஒவ்வொன்றையும் முகர்ந்துகொண்டு செல்லும். புகைவண்டி நிலையத்திலும் இதே காட்சிதான். குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். பூக்கடைக்காரர் சற்று ஒதுங்கி வழிவிடுவார். நாயோ எவரையும் திரும்பிப் பாராது. அதன் கருத்தெல்லாம் இரண்டே இடங்களில் இருக்கும். ஒன்று, தான் முகரும் மண். மற்றொன்று, தோல்வாரின் மறுமுனையில் நிற்கும் மனிதர்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், இக்காட்சியைக் கண்டுவந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "அந்த நாய்க்கு வயதாகிவிட்டால் என்ன செய்வார்கள், ஐயா?" என்று கேட்டான். "ஓய்வு கொடுத்துவிடுவார்கள்" என்றேன். "ஓய்வு கொடுத்தால் அது எந்த வீட்டுக்குப் போகும்?" என்று அவன் மீண்டும் கேட்டான். அன்று அவனுக்கு நிறைவான விடையை நான் கூறவில்லை. எளிய வினாவாகத் தோன்றினும், சட்டமும் கணக்கும் அறமும் ஒன்றோடொன்று மோதும் இடம் அது. அவ்வினாவுக்குரிய விடையையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

காவல் துறைக்குள் நாய் வந்த வரலாற்றை முதலில் பார்ப்போம். மனிதனுடைய வீட்டையும் மந்தையையும் நாய் காத்து வருவது வரலாற்றுக்கு முந்திய செய்தி. ஆயினும், பயிற்சி பெற்ற நாயைக் காவலரோடு சேர்த்து முறையாகப் பணியில் அமர்த்தும் ஏற்பாடு பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் 1899-ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னர் ஐரோப்பாவின் பிற நகரங்களும் அதனைப் பின்பற்றின. நம் மாநிலத்தில் 1951-ஆம் ஆண்டில் சென்னையில் காவல் நாய்ப் பிரிவு அமைக்கப்பெற்றது. இன்று மதுரை முதலிய நகரங்களிலும் மாவட்டங்களிலும் இப்பிரிவுகள் இயங்குகின்றன.

இந்நாய்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வன அல்ல. குற்றம் நிகழ்ந்த இடத்தில் குற்றவாளி விட்டுச் சென்ற மணத்தைப் பற்றிக்கொண்டு அவன் சென்ற வழியே ஓடுவது ஒரு வகை. மறைத்து வைத்த வெடிபொருளைத் தேடுவது மற்றொரு வகை. போதைப் பொருளைக் கண்டுபிடிப்பது இன்னொரு வகை. இவை அனைத்திற்கும் அடிப்படை மூக்குதான். மனிதனுடைய மூக்கில் மணத்தை உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் உண்டு. நாயின் மூக்கிலோ அவை 20 கோடி அளவில் இருக்கின்றன. நமக்குச் சாம்பார் மணக்கிறது என்றால், நாய்க்குப் பருப்பும் புளியும் பெருங்காயமும் தனித்தனியே மணக்கின்றன என்று ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வதுண்டு. அது முற்றும் மிகையன்று.

மூக்கு இயற்கை தந்தது. வேலை மனிதன் கற்றுத் தந்தது. குட்டியாக வரும் நாய்க்குப் பல மாதங்கள் பயிற்சி அளிக்கிறார்கள். உட்கார், நில், வா என்னும் கட்டளைகளில் தொடங்கி, குறிப்பிட்ட மணத்தை அறிந்து தெரிவிப்பதில் அப்பயிற்சி முடிகிறது. வெடிபொருளைக் கண்ட நாய் குரைத்தல் கூடாது. காலால் சுரண்டுதலும் கூடாது. சுரண்டினால் குண்டு வெடித்துவிடக்கூடும். ஆகவே அமைதியாக அவ்விடத்தில் உட்கார்ந்துவிடுமாறு அதனைப் பழக்குகிறார்கள். சரியாகச் செய்தால் அதற்குக் கிடைக்கும் பரிசு ஒரு பந்தும் அதன் காவலருடைய பாராட்டு மொழியுமே.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நாய் கண்டதைச் சொல்லும் மொழியை எல்லாரும் அறிவதில்லை. வால் சற்று விறைப்பது, மூச்சு விரைவது, ஓரிடத்தைத் தாண்டிச் சென்ற பின் தலையை ஒருமுறை திருப்புவது என்னும் சிறு குறிப்புகளை நாள்தோறும் அதனுடன் பழகிய காவலர் ஒருவரே உணர்வார். உணவூட்டுவது, குளிப்பாட்டுவது, உண்ணி பார்த்து எடுப்பது, நோயுற்றால் இரவெல்லாம் அருகில் இருப்பது ஆகிய எல்லாவற்றையும் செய்பவர் அவரே. எனவே, நாயின் திறமை என்பது நாயிடம் மட்டும் இருப்பதன்று. காவலரிடம் மட்டும் இருப்பதுமன்று. இருவருக்கும் இடையில் இருப்பது. வீணையில் இசை இருக்கிறதா, விரலில் இருக்கிறதா என்று கேட்பது போன்றது இது.

இந்த உறவு வெறும் பழக்கம்தானா? ஜப்பான் நாட்டின் அசாபு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2015-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் நோக்கும்பொழுது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் மிகுகிறது என்பது அம்முடிவு. தாயும் சேயும் ஒருவரையொருவர் நோக்கும்பொழுது மிகுவதும் அதுவே. ஆகவே அன்பு என்று நாம் சொல்வது இருபுறமும் ஓடும் ஆறு என்பதை அறிவியலும் ஒப்புகிறது.

இவ்வாறு எட்டு, ஒன்பது ஆண்டுகள் கழிகின்றன. நாய்க்கு அது நெடுங்காலம். இடுப்பு மூட்டு தேய்கிறது. கண்ணில் புரை படர்கிறது. படிக்கட்டில் ஏறத் தயங்குகிறது. பணியிலிருந்து அதனை விடுவிக்கும் நாள் வருகிறது. அப்பொழுதுதான் அலுவலகத்தின் பதிவேடு பேசத் தொடங்குகிறது.

பதிவேட்டில் அந்த நாய் யார்? அரசுப் பணத்தில் வாங்கப்பெற்றதால் அஃது அரசின் உடைமை. ஜீப் வண்டியும் மேசை நாற்காலியும் எவ்வாறு உடைமையோ அவ்வாறே நாயும் உடைமை. பயன்படாத அரசுப் பொருளை ஏலத்தில் விடுவதும், மிகுந்த விலை கேட்பவருக்குக் கொடுப்பதும், யாரும் கேளாததை அழித்துவிடுவதும் உலகெங்கும் அலுவலகங்களின் வழக்கம். பொதுப் பணத்தைக் காப்பதற்காகவே இவ்விதிகள் ஏற்பட்டன; இவற்றில் தீய நோக்கம் ஒன்றும் இல்லை. ஆயினும் உயிருள்ள ஒன்றை இவ்விதிகளுக்குள் அடைத்தபொழுது விளைந்தவற்றைக் கேளுங்கள்.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படை ஏறத்தாழ 4,000 நாய்களைப் பயன்படுத்தியது. கண்ணிவெடிகளையும் மறைந்திருந்த பகைவரையும் முன்கூட்டி அறிந்து எத்தனையோ வீரர்களின் உயிரை அவை காத்தன. போர் முடிந்தபொழுது நாடு திரும்பிய நாய்கள் மிகச் சிலவே. மற்றவை, தேவைக்கு மிஞ்சிய தளவாடங்களைப் போல, அங்கேயே விடப்பட்டன, அல்லது கொல்லப்பட்டன. உடன் பணிபுரிந்த வீரர் பலர் முதுமையிலும் அத்துயரத்தை மறந்தாரில்லை. பின்னர் ராபி என்னும் படை நாய் ஒன்றைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அதனைப் பேணிய வீரர் வேண்டினார். அன்றைய விதி அதற்கு இடம் தரவில்லை. ஆனால் அவ்வேண்டுகோள் நாடெங்கும் பரவி, 2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு சட்டமாக மலர்ந்தது. ஓய்வு பெறும் படை நாய்களை, அவற்றைப் பேணிய வீரரும் தகுதியுடைய பிறரும் ஏற்று வளர்க்க அச்சட்டம் வழி திறந்தது. ராபியோ நோயுற்று 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. எனினும் மக்கள் அச்சட்டத்தை அதன் பெயராலேயே அழைக்கின்றனர்.

நாய்க்கு முன் காவலரே ஓய்வு பெற்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தின் மாரியெட்டா என்னும் சிற்றூரில் 2016-ஆம் ஆண்டில் இச்சிக்கல் எழுந்தது. காவலர் பணியிலிருந்து விலகினார். அஜாக்ஸ் என்னும் அவருடைய நாய்க்கோ இன்னும் உழைக்கும் வயது இருந்தது. அவர் விலை கொடுத்து வாங்க முன்வந்தும், அரசு உடைமையை ஏலத்தில்தான் விட வேண்டும் என்று ஊராட்சியார் கூறினர். செய்தி பரவியது. முன்பின் அறியாத மக்கள் பணம் திரட்டி அனுப்பினர். முடிவில் நாய் தன் காவலரிடமே சேர்ந்தது. அங்கு விதியை வென்றது மக்களுடைய இரக்கம். ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் நாடு திரண்டு வருமா? வாராது. ஆதலால் இரக்கத்தை நம்பியிராமல் விதியையே திருத்த வேண்டும் என்று டெக்சாஸ் மாநிலத்தார் எண்ணினர். அம்மாநில அரசியல் சட்டம் பொது உடைமையை விலையின்றித் தனியாருக்குக் கொடுப்பதைத் தடுத்தது. ஆகவே, 2019-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் மக்களிடமே வாக்குக் கேட்டு, பணி முடிந்த காவல் விலங்கை அதனைப் பேணியவருக்குக் கட்டணமின்றி அளிக்கலாம் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினர். ஒரு நாயை ஒரு மனிதரிடம் ஒப்படைக்க ஒரு மாநிலத்தின் அடிப்படைச் சட்டமே வளைந்து கொடுக்க வேண்டியிருந்தது!

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1993-ஆம் ஆண்டுத் தொடர் குண்டு வெடிப்பின்போது மும்பையில் சஞ்சீர் என்னும் லாப்ரடார் நாய் 3,329 கிலோ வெடிபொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அது 2000-ஆம் ஆண்டில் இறந்தபொழுது காவல் துறையினர் மரியாதையுடன் அடக்கம் செய்தனர். 2008-ஆம் ஆண்டு நவம்பரில் அதே நகரம் தாக்கப்பட்டபொழுது பணியாற்றிய நாய்களுள் மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் என்னும் நான்கும் ஓய்வுக்குப் பின் நகரை அடுத்த விரார் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் ஒன்றாக வாழ்ந்தன. நான்கும் 2016-ஆம் ஆண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. விலங்குகளிடம் அன்புடைய ஒருவர் ஏற்றதனால் கிடைத்த நல்வாழ்வு அது.

எல்லா நாய்களுக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. நம் படையில் பணிக்கு உதவாத நாய்களைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் இருந்தது என்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பெற்ற விடையினால் 2015-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கேட்டவர் மனம் கலங்கினர். தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அந்நாய்களைக் கொல்லாது பேணுவதற்கு வழிவகை செய்வதாக அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன்பின் நிலைமை மாறத் தொடங்கியது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில், தில்லி மெட்ரோ இரயில் நிலையங்களைக் காத்த மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் ஏழு நாய்களுக்குப் பதக்கமும் சான்றிதழும் அளித்து விடை கொடுத்தனர். அவை ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டில் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், திருச்சூரிலுள்ள காவல் பயிற்சிக் கழகத்தில், ஓய்வு பெற்ற காவல் நாய்களுக்கென்றே விச்ராந்தி என்னும் இல்லம் திறக்கப்பெற்றது. பேணும் காவலரோ, அன்புடைய பிறரோ ஓய்வு பெற்ற நாயை வீட்டுக்கு அழைத்துச் செல்வதும் நாட்டின் பல இடங்களில் வழக்கமாகி வருகிறது.

இல்லம் நல்லதா, பேணிய காவலரின் வீடு நல்லதா? இரண்டும் தேவை. ஆனால் முதல் உரிமை காவலருடையது என்பதே என் கருத்து. இதனை மறுப்பவர்கள் மூன்று தடைகளை எழுப்புவார்கள். மூன்றும் நேர்மையான தடைகளே. ஆகவே ஒவ்வொன்றாக விடை காண்போம்.

பொது உடைமையைத் தனி ஒருவருக்கு விலையின்றிக் கொடுக்கலாமா என்பது முதல் தடை. கிழ நாயின் விலை என்ன? ஏலத்தில் அதற்கு விலையே இல்லை. தீனியும் மருந்தும் செலவுதான். அதனை ஏற்பவர் அரசின் பொருளைப் பெறவில்லை. அரசின் கடமையைத் தம் தோளில் ஏற்றுக்கொள்கிறார். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைக் காக்க வேண்டும் என்று விதிக்கிறது. நாற்காலிக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே நாய் வெறும் பொருளன்று என்பதைச் சட்டமே முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது.

கடிக்கப் பழகிய நாய் வீட்டில் இருந்தால் குழந்தைகளுக்கு ஆபத்தல்லவா என்பது இரண்டாம் தடை. மோப்பம் பிடிக்கும் நாய்களுள் பெரும்பாலானவை சாதுவானவை. குற்றவாளியைப் பாய்ந்து பிடிக்கப் பழகிய நாயை மட்டும் கால்நடை மருத்துவரும் பயிற்சியாளரும் ஆய்ந்து சான்று தந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். அந்த நாயை ஒரு சொல்லால் அடக்க வல்லவர் உலகில் ஒருவர் உண்டென்றால் அவர் அதன் காவலரே. ஆகவே இத்தடையும் அவர் பக்கமே பேசுகிறது.

காவலரின் ஊதியத்தில் இச்செலவு தாங்குமா என்பது மூன்றாம் தடை. மூன்றிலும் வலியது இதுவே. முதிய நாய்க்கு மூட்டு வலி மருந்தும் தக்க உணவும் வேண்டும். மதுரையின் கோடையை எண்ணிப் பாருங்கள். அடர்ந்த மயிருடைய அல்சேஷன் நாயை நண்பகலில் தகரக் கொட்டகையில் கட்டி வைத்தால் அதன் நிலை என்னாகும்? வேப்பமர நிழலும் ஈரச் சாக்கும் நாளெல்லாம் நல்ல தண்ணீரும் வேண்டும். இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் காவல் துறையினர் 2013-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டனர். ஓய்வு பெற்ற நாயின் மருத்துவச் செலவுக்காக அதனை வளர்ப்பவருக்கு ஆண்டுக்கு 500 பவுன் வரை, மூன்றாண்டுகள் வழங்க ஏற்பாடு செய்தனர். நாய்க்கு ஓய்வூதியம் என்று சிலர் நகைத்தனர். உழைத்தவனுக்கு ஓய்வூதியம் என்பதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? நம் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இந்நாய்களுக்கு இலவச மருத்துவமும், தீனிக்கு ஒரு சிறு தொகையும் வழங்கினால் போதும், பெருஞ்செலவு ஆகாது.

ஆகவே முறையான ஏற்பாடு எத்தகையதாக இருத்தல் வேண்டும்? பேணிய காவலரை முதலில் கேட்க வேண்டும். பல பிரிவுகளில் ஒரு நாயை இரு காவலர் பேணுவதுண்டு. அவர்களுள் வசதியும் விருப்பமும் உடையவர் ஏற்கலாம். ஏற்பவர் நாயை விற்பதில்லை, கூலிக்குக் காவல் வைப்பதில்லை என்று எழுதித் தர வேண்டும். வாடகை வீடு, இடமாற்றம், குடும்பச் சூழ்நிலை இவற்றால் ஏற்க இயலாத காவலரைக் குறை கூறுதல் தகாது. அத்தகைய நாய்களுக்கே விச்ராந்தி போன்ற இல்லங்கள் வேண்டும்.

இக்கருத்து மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டிய புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கருப்பசாமி கோயிலுக்குச் சென்றால், சாமியின் காலடியில் நாயும் நிற்பதைப் பல இடங்களில் காண்பீர்கள். காவல் தெய்வத்திடமிருந்து காவல் நாயைப் பிரிக்க நம் குயவர்களுக்கு மனம் வரவில்லை. வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்ற மிகப் பழைய நடுகற்கள், ஆநிரைப் பூசலில் இறந்தவனை ஊரார் கல்நட்டு நினைந்ததைக் காட்டுகின்றன. அவ்வழக்கம் தமிழகத்தின் வடபகுதியிலும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அது 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வீரன் ஒருவனுடன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியையும் கல்வெட்டு கூறுகிறது.

மாணவ நண்பர்களே, 1,400 ஆண்டுகளுக்கு முன் அக்கல்லைப் பொறித்தவர்கள் செய்தது என்ன? நாயின் பெயரை எழுதினார்கள். அதன் செயலை எழுதினார்கள். அதனை அதன் தலைவனோடு சேர்த்து நிறுத்தினார்கள். இன்றைய பதிவேடு செய்யவேண்டியதும் இம்மூன்றுதான். உடைமை என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விலை கொடுத்தவனுக்கு உரியது என்பது ஒன்று. வளர்த்தவனுக்கும் வளர்க்கப்பட்டதற்கும் இடையே உள்ள உரிமை என்பது மற்றொன்று. பணிக்காலத்தில் நாய் முதற்பொருளில் அரசுக்கு உரியதாகுக. பணி முடிந்த அன்று அது இரண்டாம் பொருளில் உரியவரிடம் சேர்தலே நீதி.

அன்று என்னைக் கேட்ட மாணவனுக்கு இன்று நான் விடை கூறுவேன். அந்த நாய், மேலூர்ப் பக்கமோ திருமங்கலத்துப் பக்கமோ, தன் காவலருடைய வீட்டுக்குப் போக வேண்டும். திண்ணையோரத்தில் படுத்து உறங்க வேண்டும். தீபாவளிக்கு வாங்கி வைத்த வெடிப்பெட்டியின் அருகே, பழைய வழக்கம் மாறாமல், அது அமைதியாகச் சென்று உட்கார்ந்தாலும் வியப்பில்லை. அப்பொழுது அதன் தலையைத் தடவி, "சரி, பார்த்துவிட்டேன், போய்ப் படு" என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அது என்ன சொல்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.